முப்பதாவது குழாய்

"இந்த ரூம்புலதானுங்கக்கா எச்சி புடிக்கறாங்களாமா. அதுக்குப் போயி ஒரு படிச்ச புள்ளைய உக்கார வெச்சிருக்காங்க பாருங்க." பச்சைத் திரைக்கு வெளியே யாரோ ஒருத்தி யாரிடமோ சொல்லிக்கொண்டு போனாள். செருப்புச் சத்தம் எக்ஸ்ரே அறைப் பக்கம் தேய்ந்து மறைந்தது. கோகிலவாணி அப்போதுதான் தலையைக் கவிழ்த்து, புனலின் விளிம்பைக் கீழுதட்டோடு பொருத்தியிருந்தாள். காது மடல் சுட்டது. நிமிர்ந்து பார்க்க முடியாது. எஸ்தர் அக்கா ஸ்டாப்வாட்சை அமுக்கியாகிவிட்டது. இனிப் பதினைந்து நிமிடம் பேசக் கூடாது, விழுங்கக் கூடாது, நாக்கைப் புரட்டக் கூடாது. வாயை லேசாகத் திறந்து வைத்துக்கொண்டு, ஊறுவது தானாக வழிந்து குழாய்க்குள் இறங்கக் காத்திருக்க வேண்டும். ஒரு வாய் விழுங்கினாலும் அந்தக் குழாயைக் குப்பையில் போட்டுவிட்டு மறுபடி முதலிலிருந்து. இந்த ஒன்றரை வருடத்தில் இதை எத்தனை பெண்களுக்குச் சொல்லியிருப்பாள்! தரையைப் பார்த்துக்கொண்டே சொல்வாள். பாதி காதில் விழாமல் "என்ன கண்ணு சொன்னே?" என்று அவர்கள் திரும்பக் கேட்பார்கள், இரண்டாவது முறை அவள் குரல் இன்னும் இறங்கிவிடும். கடைசியில் எஸ்தர் அக்காதான் அங்கிருந்து கத்துவாள்: "ஜொள்ளு விடுங்கம்மா, தூங்குற கொழந்தையாட்டம். துப்பாதீங்க, ஜொள்ளு விடுங்க." ஜொள்ளு. எம்.எஸ்ஸி உயிர்வேதியியல், பல்கலைக்கழகத்தில் மூன்றாமிடம். பவானியில் அம்மா கேட்பவர்களிடமெல்லாம் வாணி ஆராய்ச்சி பண்ணுகிறாள் என்று சொல்லி வைத்திருக்கிறாள். என்ன ஆராய்ச்சி என்று யாராவது துருவினால் ஏதோ சுரப்பியாம் என்பாள். எச்சில் என்ற சொல்லை அம்மா வாயால் சொன்னதே இல்லை, அந்தச் சொல்லே வாயை அசுத்தப்படுத்திவிடும் என்பது போல.

புனலில் இன்னும் ஒரு சொட்டும் விழவில்லை. ஒன்றரை நிமிடம் ஆகியிருக்கும். குழாயின் மேல் ஒட்டியிருந்த சீட்டு மூக்குக்கு நேர் கீழே இருந்தது: எண் 30, நாச்சம்மாள், வயது 44. வாணிக்கு வயது இருபத்து நான்கு. நாச்சம்மாள் யாரென்று அவளுக்கு நன்றாக ஞாபகம் இருந்தது. கைத்தறிப் புடவை, இரண்டு மூக்குத்தி, முழங்கை வரைக்கும் மஞ்சள் வாசம். ஒப்புதல் தாளில் அழகாகக் கையெழுத்துப் போட்டாள். பக்கத்து நாற்காலியில் இருந்தவளின் வாயிலிருந்து புனலுக்கு ஒரு நூல் இறங்கி அறுபடாமல் ஆடியதைப் பார்த்தாள். "கருமம்" என்றாள். முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு எழுந்து போனவள்தான். அப்படிப் போனவர்கள் எட்டுப் பேர். ஆராய்ச்சிக்கு நோயில்லாத பெண்கள் முப்பது பேர் வேண்டும். உட்கார்ந்து கொடுத்தவர்கள் இருபத்திரண்டே பேர். இந்த ஊர்ப் பெண்கள் ரத்தம் கொடுக்கக் கை நீட்டுவார்கள், மூத்திரம் கேட்டால் தலைப்பில் மறைத்துக் கொண்டுவந்து வைப்பார்கள், முன்பின் தெரியாதவர் முன்னால் வாயைத் திறந்து ஒழுகவிடு என்றால் மட்டும் மாட்டார்கள். வாணிக்கு அவர்கள்மேல் கோபமே வரவில்லை. அவளாக இருந்தாலும் போயிருப்பாள். ஆனால் அவள் போகவில்லையே, இதோ உட்கார்ந்திருக்கிறாள், எட்டாவது முறையாக. "வாணிம்மா, பேரெல்லாம் இருக்கு, கையெழுத்து இருக்கு, எச்சில் மட்டுந்தான் இல்ல" என்று இந்த ஆராய்ச்சியை நடத்தும் டாக்டர் உமையாள் மேடம் அன்றைக்குச் சிரித்தார். மேடம் சத்தம் போடுகிறவரில்லை. சத்தம் போட்டிருந்தால்கூட ஏதாவது செய்திருக்கலாம். மேசை இழுப்பறையிலிருந்து முந்திரி பிஸ்கட்டை எடுத்து அவள் பக்கம் நகர்த்திக்கொண்டே, "நீ நல்லா ஆரோக்கியமா இருக்கற பொண்ணு. ஆரோக்கியமான எச்சில் யாரோடதா இருந்தா என்ன? ஒண்ணே ஒண்ணு குடு போதும்" என்றார். வாணி தலையாட்டினாள். தலையாட்டுவதற்கு வாயைத் திறக்க வேண்டியதில்லை. அந்த ஒன்று இரண்டாகி, ஏழாகி, இப்போது ஏழு பெண்களின் பெயரில் அவள் எச்சில் அறை மூலைக் குளிர்பெட்டியில் கட்டியாக உறைந்து கிடக்கிறது. துளசிமணி, 39. பாவாத்தாள், 52. ஐம்பத்திரண்டு வயது ஒருத்தியின் வாய் ஈரம் என்று எழுதி, தான் ஒழுகவிட்டதை அவளே தராசில் வைத்து அவளே எடையும் குறித்தாள். கையுறைக்கு மேல் இன்னொரு கையுறை போட்டுக்கொண்டு.

வந்துவிட்டது. கீழுதட்டின் உட்பக்கம் ஒரு வெதுவெதுப்பு திரண்டு, தயங்கி, விளிம்பைத் தாண்டி இறங்கியது. கண்ணைத் திறந்து வைத்திருக்க வேண்டும் என்பது விதி, அதனால் பார்க்காமலும் இருக்க முடியாது. முதலில் நுரை, சின்னச் சின்னக் குமிழி. பிறகு கண்ணாடி போன்ற ஒரு இழை. அது குழாய்க்குள் முழுதாகப் போய்த் தொலைவதில்லை. உதட்டையும் புனலையும் பிடித்துக்கொண்டு நடுவில் தொங்கியது, மூச்சு விட்டால் ஆடியது, அறுந்து பின்னால் வந்து மோவாயில் பட்டபோது சில்லென்றிருந்தது. வயிற்றிலிருந்து ஏதோ புரண்டு தொண்டைவரை வந்து நின்றது. குமட்டக் கூடாது, குமட்டினால் விழுங்கிவிடுவோம். உள்ளே இருந்தவரை அது வெதுவெதுப்பாக இருந்ததே, வெளியே ஒரு நொடி இருந்ததற்கே எப்படி இவ்வளவு குளிர்ந்து, இவ்வளவு அந்நியமாக? நாள் முழுக்கச் செம்புக் கணக்கில் விழுங்குகிறோம், அருவருப்பதில்லை. ஒரு சொட்டு உதட்டைத் தாண்டிவிட்டால் அதைத் திரும்ப எடுக்கச் சொன்னால் உயிர் போகும். பேருந்தில் நடத்துநர் நாக்கில் விரலைத் தொட்டு டிக்கெட் கிழித்தால் அவள் அந்த மூலையை மட்டும் மடித்துக் கிழித்துப் போட்டுவிட்டுத்தான் வைத்துக்கொள்வாள். கல்லூரி விடுதியில் அறைத்தோழி இவள் பாட்டிலில் வாய் வைத்துக் குடித்துவிட்டு, "என்னடி, நமக்குள்ள" என்றபோது சிரித்துவிட்டுப் போய் அந்தப் பாட்டிலை மூன்று முறை சோப்புப் போட்டுக் கழுவி, நான்காவது நாள் தொலைத்துவிட்டாள். அத்தை ஒருத்தி முந்தானை நுனியை நாக்கில் நனைத்து அவள் கன்னத்து மையைத் துடைத்துவிட்ட ஈரம், பதினெட்டு வருடம் கழித்தும் அந்த இடம் தெரிகிறது, இடது கண்ணுக்குக் கீழே. மஞ்சள் காட்டில் வேலைக்கு வரும் ஆட்களுக்கு அம்மா செம்பை உயரத் தூக்கித்தான் கையில் தண்ணீர் ஊற்றுவாள். எச்சில் தாரை வழியாக ஏறி வந்துவிடுமாம். ஏழாம் வகுப்பில் அறிவியல் டீச்சரிடம் போய் நீர் மேல்நோக்கி ஏறுமா என்று கேட்கலாமா என்று மூன்று நாள் யோசித்துவிட்டுக் கேட்காமலே விட்டாள். இங்கே வந்து பார்த்தாயிற்று. குழாய்களில் ஒன்றில் இட்லித் துணுக்கு, ஒன்றில் வெற்றிலைச் சிவப்பு, ஒன்றில் புகையிலைப் பழுப்பு. மூடியைத் திறந்தால் திங்கட்கிழமை சாப்பிட்ட டிபன் பாக்ஸை வியாழக்கிழமை திறந்த வாடை. ஆனால் எந்திரத்தில் போட்டுச் சுற்றி எடுத்துவிட்டால் மேலே தெளிந்த நீர், அடியில் வெள்ளை வண்டல். அம்மா செம்பைத் தாழ்த்தாத அந்த ஆட்களுடையதும், அம்மாவுடையதும், யாருடையதும் அப்படியே. வித்தியாசம் தெரியாது. தெரியாததால்தான் இந்தப் பொய்யும் நடக்கிறது.

"என்னடி, பாலைவனமா? அஞ்சு நிமிஷம் ஆச்சு, அடியே நனையல" என்று எஸ்தர் அக்கா குழாயைக் குனிந்து பார்த்தாள். இருபது வருடமாக இந்தப் பிரிவில் இருக்கும் லேப் டெக்னீஷியன். எந்தச் சளியையும் சட்னியைப் பார்ப்பது போல் பார்ப்பாள். "மாங்காய நெனச்சுக்கோ, உப்பும் மொளகாத்தூளும் போட்டு. நானா இருந்தா இந்நேரம் நாலு குழாய் நெறச்சிருப்பேன், ஆனா எனக்கு சக்கரைங்கறாங்க, சேத்துக்க மாட்டேங்கறாங்க." மாங்காயை நினைக்கச் சொல்லக் கூடாது, அக்கா, தூண்டாமல் ஊறுவதைத்தான் அளக்க வேண்டும். சொல்ல முடியாது. எஸ்தர் அக்காவின் பார்வை வாயின்மேல் இருந்ததும் ஊறிக்கொண்டிருந்தது நின்றேபோனது. இதுதான், இதுதான் எல்லாவற்றுக்கும் காரணம். யாராவது பார்த்தால் அவளுக்கு வாய் வறண்டுவிடும். எம்.எஸ்ஸி வாய்மொழித் தேர்வில் வெளியிலிருந்து வந்த பேராசிரியர் பெயரைக் கேட்டார். நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டது. சொந்தப் பெயர் தெரியாதா அம்மா என்று அவர் கேட்டதற்கு எல்லோரும் சிரித்தார்கள். இன்றைக்குக் காலையில் விடுதிக் குளியலறைக் கதவைத் தாழிட்டுக்கொண்டு, இருமல் மருந்து மூடியை வாயடியில் பிடித்துக்கொண்டு, கைபேசியில் பதினைந்து நிமிடம் வைத்துப் பார்த்தாள். யாரும் இல்லை, குழாயில் தண்ணீர் சொட்டும் சத்தம் மட்டும். மூடி நிறைந்தது. கொட்டிவிட்டு மறுபடி பிடித்தாள், அதுவும் முக்கால்வாசி. ஐந்து கிராமுக்கு மேல் இருக்கும். வெளியே யாரோ, "உள்ள யாருங்க, செத்துக்கித்துப் போயிட்டீங்களா?" என்று கதவைத் தட்டினார்கள். வாணி குழாயைத் திறந்துவிட்டு, மூடியைக் கழுவி, கையைக் கழுவி, வாயைக் கழுவி, அப்படியும் போகாமல் சுவரில் சாய்ந்து நின்றாள். அவளுக்கு வாய் நன்றாகத்தான் ஊறுகிறது. இங்கே, இந்த நாற்காலியில், ஏழு முறையும் இரண்டு கிராமைத் தாண்டவில்லை; ஒருமுறை ஒன்று புள்ளி நான்கு. அது வாயின் அளவு இல்லை, பயத்தின் அளவு. வெட்கத்தை ஏழு பெண்களின் பெயரில் எடை போட்டு எழுதி வைத்திருக்கிறாள்.

திரையின் இடுக்கில் தாழ்வாரத்து பெஞ்சு ஒரு சாண் அகலத்துக்குத் தெரிந்தது. அதில் அரக்கு நிறத் தண்ணீர் பாட்டில் ஒன்று, அதைப் பிடித்திருந்த கை. கை பாட்டிலைத் தூக்கும், மறையும், திரும்ப வந்து தொடையில் இறங்கும். ஒரு நிமிடத்துக்கு ஒருமுறை. தங்கமணியக்கா வந்துவிட்டாள், பதினோரு மணிக்குத்தான் வரச் சொன்னது. பெருந்துறைப் பக்கத்தில் ஏதோ அங்கன்வாடியில் டீச்சர், நாற்பத்தெட்டு வயது. முந்தாநாள் அவள் வாயைத் திறந்தபோது வாணி பார்வையைத் திருப்பிக்கொண்டாள். நாக்கு தேய்ந்த ரப்பர் செருப்பின் அடிப்பாகம் போலக் கட்டம் கட்டமாக வெடித்து, வழவழப்பே இல்லாமல். ஈறோரம் பற்கள் பழுப்பாக அரித்துப்போய் முனை முனையாக. மூச்சில் ஒரு புளிப்பு. உடம்பைக் காக்க வேண்டிய அணுக்களே எச்சில் சுரப்பிகளைப் பகையென்று நினைத்துக் கொஞ்சம் கொஞ்சமாகத் தின்று தீர்க்கும் நோய் ஒன்று இருக்கிறது. கண்ணீரையும் தின்னும். பெயர் ஷோக்ரென், கண்டுபிடித்துச் சொன்ன வெளிநாட்டு டாக்டரின் பெயர். அதுவாக இருக்கலாம். ரத்தப் பரிசோதனையில் உறுதியாகத் தெரியவில்லை. உதட்டுக்குள்ளிருந்து ஒரு மிளகு அளவு சதையை எடுத்துப் பார்த்தால் தெரிந்துவிடும். ஆனால் அதை எச்சில் அளவு ஓர் எல்லைக் கோட்டுக்குக் கீழே வருகிறவர்களுக்கு மட்டும்தான் எடுப்பார்கள்; மேலே வந்தால் ஒன்றுமில்லை என்று எழுதிக் கொடுத்து அனுப்பிவிடுவார்கள். தங்கமணியக்காவுக்கு ஒன்று புள்ளி ஏழு. வாணி குழாயைத் தராசில் வைத்துக்கொண்டிருக்கும்போது அவள் பேசிக்கொண்டே இருந்தாள், ஒவ்வொரு சொல்லுக்கும் நாக்கு பிசினில் ஒட்டி எடுத்தது போல டக்கென்று ஒரு சத்தம். "புள்ளைங்களுக்குப் பாட்டுச் சொல்லிக் குடுக்கோணுமுங்க அம்மிணி. நாக்கு மேல போயி ஒட்டிக்குது. ஒரு குட்டிப் பய, 'டீச்சர், உங்க வாய்க்குள்ள பல்லி இருக்குதா'ங்கறான். இப்ப அத்தனையும் சேந்துட்டு டக்கு டக்குனு பண்ணிக் காட்டுதுங்க. எனக்கே சிரிப்பு வந்துருது." சிரித்தாள். உதட்டோரம் பிளந்து ஒரு புள்ளி ரத்தம். "பிஸ்கட்டு வாயில போட்டா மாவாட்டம் அப்பிக்கிட்டு நிக்குதுங்க. தண்ணி ஊத்தித்தான் தள்ளோணும். ஊட்டுக்காரரு சொல்றாரு, உனக்கு நோவு நாக்குல இல்லடி, நெனப்புலன்னு. எம்மவனும் இப்ப அப்பன் பேச்சையே பேசறான். மருந்து கெடக்குது அம்மிணி, அது அப்பறம். இன்னது இருக்குதுனு ஒரு பேப்பர்ல எழுதிக் குடுத்தாப் போதுமுங்க. நெனப்பில்லைனு." வாணி சரிங்கக்கா என்றாள், அல்லது சொன்னதாக நினைத்துக்கொண்டாள். அந்த வாயின் வாடை அறையிலிருந்து போகட்டும் என்று ஜன்னலைத் திறக்க எழுந்தாள். இதைத்தான் அவளால் மறக்க முடியவில்லை. அக்கா இன்னும் வாசலைத் தாண்டவில்லை, அதற்குள் எழுந்துவிட்டாள். அக்கா திரும்பிப் பார்த்துவிட்டு, கையால் வாயை மூடிக்கொண்டு போனாள்.

கோடு. நேற்று மாலை எல்லா எண்களையும் கணினியில் ஏற்றியது வாணிதான். வெளிநாட்டில் போட்ட கோடு ஒன்றரை கிராம். அது அவர்கள் ஊர்ப் பெண்களின் வாயை வைத்துப் போட்டது, நம் பெண்களுக்குப் பொருந்துமா என்று பார்ப்பதுதான் மேடத்தின் ஆராய்ச்சி. நோயில்லாதவர்களின் அளவு தெரிந்தால்தான் எதற்குக் கீழே நோய் என்று சொல்ல முடியும். அளவுகள் எவ்வளவுக்குச் சிதறுகின்றனவோ, சராசரியிலிருந்து அவ்வளவுக்குக் கீழே கோடு விழும். உட்கார்ந்து கொடுத்த இருபத்திரண்டு பேரை மட்டும் போட்டுப் பார்த்தாள், கோடு இரண்டு கிராமில் விழுந்தது. அப்படியென்றால் ஒன்று புள்ளி ஏழு கீழே, தங்கமணியக்கா கீழே, நாளைக்கே உதட்டுச் சதையை எடுத்துப் பார்க்கலாம். பிறகு தன்னுடைய ஏழையும் சேர்த்தாள். கோடு மளமளவென்று இறங்கி ஒரு கிராமுக்கும் அடியில் போய் நின்றது. நீக்கினாள், இரண்டு. சேர்த்தாள், ஒன்றுக்குக் கீழே. நாலைந்து தடவை சேர்த்து நீக்கிச் சேர்த்து நீக்கி, பிறகு கையெடுத்துவிட்டாள். தங்கமணியக்கா கோட்டுக்கு மேலே, வெகு மேலே, பத்திரமாக, ஆரோக்கியமாக. இருபத்தாறாவது குழாய், பாவாத்தாள் பெயரில் வாணி ஒழுகவிட்டது, அதுவும் ஒன்று புள்ளி ஏழு. போன வாரம் இருபத்தொன்பது எண்களையும் தாளில் பார்த்துவிட்டே மேடம், "ரொம்ப சுவாரஸ்யமா இருக்கே வாணிம்மா, நம்ம மண்ணுப் பொண்ணுங்களுக்கு இயல்பாவே எச்சில் கம்மி போலருக்கு. வெயில், வேலை, தண்ணி குடிக்காத பழக்கம்!" என்று பூரித்தார். அதில் ஏழு தன்னுடையது என்பதை மேடம் மறந்துவிட்டாரா? மறந்தது போல இருக்கிறாரா? மறந்திருந்தால் நினைவுபடுத்தலாம். நினைவிருந்தால் என்ன சொல்வது? வாணி பூரிப்பைக் கெடுக்க விரும்பாமல் புன்னகைத்தாள், அப்போதும் தலையாட்டினாள். நம் மண்ணின் பெண்கள். ஒரு பயந்தாங்கொள்ளியின் வறண்ட வாயை எடுத்து இந்த மண் முழுக்கப் பூசப் போகிறார்கள். இனி ஏதோ ஒரு ஊரில், ஏதோ ஒரு டாக்டர் அந்தக் கட்டுரையைப் பார்த்துவிட்டு, உங்களுக்கெல்லாம் இவ்வளவுதான் ஊறும், வீட்டுக்குப் போங்கம்மா என்பார். ஒவ்வொருத்தியும் பாட்டிலைத் தூக்கிக்கொண்டு திரும்பிப் போவாள். தன் எச்சிலைத் தானே அருவருப்பது வேறு. இது வேறு. இது அவள் வாயிலிருந்து வழிந்து வழிந்து, யார் யாருடைய தட்டிலோ, யார் யாருடைய தண்ணீரிலோ, துடைக்க முடியாத இடத்தில் எல்லாம் ஒட்டிக்கொண்டு.

எட்டாவது நிமிடமோ, ஒன்பதோ. கழுத்து வலித்தது. சொல்லிவிடலாம். மேடம், ஒண்ணு சொல்லணும். அதற்கப்புறம்? மேடம், இந்த ஏழும் வேண்டாம். ஏன்மா என்பார். எனக்கு வெட்கமா இருந்ததால ஊறல. மேடம் சிரிப்பார். சிரித்துவிட்டு, பெரிய விஷயமில்லை, எல்லாருக்கும்தான் வெட்கம் என்பார். பிஸ்கட்டை நகர்த்துவார். வேலை போய்விடுமா? போகாது, அதுதான் கஷ்டம், போகாது. மேடம் நல்லவர். அப்பா இறந்த அந்த மாதம் யாரும் கேட்காமல் பவானிக்குக் கார் எடுத்துக்கொண்டு வந்தவர். மேடம், ஒண்ணு சொல்லணும். எழுதிக் கொடுக்கலாமா? மின்னஞ்சலில்? நேற்று இரண்டு வரி எழுதி அழித்தாள். ஒன்றும் செய்யாமல் இருந்துவிட்டால் அதுவும் தலையாட்டியது போலத்தான். குளிர்பெட்டிக் கதவில் மேடமே கைப்பட எழுதி ஒட்டிய விதித்தாள் இருக்கிறது: ஓர் ஆளுக்கு ஒரு குழாய், ஒரே பெயர் இரண்டு குழாயில் வந்தால் இரண்டையும் கணக்கிலிருந்து நீக்கவும். அந்தத் தாளைத் தினமும் பத்துத் தடவை பார்க்கிறாள். மேடமும்தான் பார்க்கிறார். இழை மறுபடி இறங்கியது, இந்த முறை வெளுப்பாக, கெட்டியாக, பிசுபிசுவென்று. பயத்தில் ஊறுவது இப்படித்தான் வரும், நீர் இல்லாமல் பசை மட்டும். அது புனலின் ஓரத்தில் நத்தை போன வழியாக ஒட்டிக்கொண்டு கீழே இறங்காமல் நின்றது. இதைத்தான் நாச்சம்மாள் என்று எழுதி வைக்கப் போகிறார்கள். மஞ்சள் வாசம் அடித்த நாச்சம்மாள். எழுந்து போனாளே, அவளுக்குத் தெரிந்திருக்கிறது தன் வாய் தன்னுடையதென்று. அவள் இதைப் பார்த்தால் என்ன சொல்வாள்? கருமம் என்பாள். அதைத்தான் சொல்வாள்.

"வாணி, அழுதேன்னா மூக்கு ஒழுகும்டி. அது கணக்குல சேராது" என்று எஸ்தர் அக்கா சொன்னாள். கேலி பண்ணும் குரலில்தான் தொடங்கினாள். முடிக்கும்போது குரல் கொஞ்சம் மாறியிருந்தது. பக்கத்தில் வந்து, "என்னடி?" என்றாள் மெல்ல. பிறகு திரையின் இடுக்கு வழியாகத் தானும் பெஞ்சைப் பார்த்தாள். "அந்தம்மா பாவம், ஒன்பதரைலருந்து உக்காந்திருக்கு. தண்ணி பாட்டில் ரெண்டாவது தடவை ரொப்பியாச்சு. ஒண்ணுக்குப் போகணுமாம், கூப்பிட்டுருவாங்களோன்னு போகாம உக்காந்திருக்கு." அக்காவுக்கும் எல்லாம் தெரியும். யாருக்குத்தான் தெரியாது? மூன்று பேர் சேர்ந்து ஒரு விஷயத்தைத் தெரியாதது போல இருக்கிறார்கள், ஒரே பாத்திரத்தில் துப்பிவிட்டு யாருடையது என்று கேட்காமல் மூடி வைப்பது போல. வாணிக்கு மறுபடி குமட்டியது. இந்த முறை அது வயிற்றிலிருந்து வரவில்லை. வாய் முழுக்கத் திடீரென்று ஊறத் தொடங்கியது, குமட்டலுக்கு முன்னால் ஊறுமே, தண்ணீர் மாதிரி, உப்புக் கரித்து, நாக்கடியிலிருந்து ஊற்றெடுத்து. ஏழு முறையும் வராதது. உதட்டை இறுக்கிப் பிடித்தாள். கன்னம் இரண்டும் உப்பின. விட்டால் குழாய் நிறைந்துவிடும். நாச்சம்மாளுக்கு ஆறு கிராம், ஏழு கிராம், நல்ல ஆரோக்கியம். விட்டாலும் அது பொய்தான்.

திரை விலகியது. உமையாள் மேடம், கையில் கோப்பு. அவர் தோளுக்குப் பின்னால் தங்கமணியக்கா, பாட்டிலை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு, கும்பிடுவதா வேண்டாமா என்று பாதி தூக்கிய கையோடு. "ஆச்சா வாணிம்மா? இதையும் ஏத்திட்டா கோட்டைப் போட்டுரலாம். இவங்களையும் ஏன் காக்க வெக்கணும், நார்மல்னு கையெழுத்துப் போட்டு அனுப்பிடறேன்" என்றார் மேடம். "நார்மல்னா என்னங்க டாக்டர்?" என்று தங்கமணியக்கா கேட்டாள். டக். "ஒண்ணுமில்லம்மா. நல்ல விஷயந்தான். நோய் இல்லைன்னு அர்த்தம்." தங்கமணியக்காவின் கை பாட்டிலைத் தூக்கியது, பாதியில் நின்றது, அத்தனை பேர் பார்க்கிறார்கள் என்று நினைத்தோ என்னவோ குடிக்காமலே இறங்கியது. வாணி வாயில் இருந்ததை விழுங்கினாள்.

"அய்யய்யோ, முழுங்கிட்டா மேடம். பத்து நிமிஷம் தாண்டியாச்சு" என்றாள் எஸ்தர் அக்கா. "பரவால்ல, பரவால்ல. எடை கொஞ்சம் குறையும், அவ்வளவுதானே" என்றார் மேடம். வாணி புனலை எடுத்து வைத்தாள். மோவாயைப் புறங்கையால் துடைத்துக்கொண்டு குளிர்பெட்டியின் கதவைத் திறந்தாள். குழாய் அடுக்கை வெளியே எடுத்து மேசைமேல் வைத்தாள். கையுறை போட்டுக்கொள்ளவில்லை. இருபத்து மூன்றாவது குழாயின்மேல் படிந்திருந்த வெண்பனியைக் கட்டைவிரலால் தேய்த்தாள். துளசிமணி என்ற பெயர் தெரிந்தது. எஸ்தர் அக்காவின் கோட்டுப் பையிலிருந்து அழியாத மை பேனாவை உருவினாள். "என்னம்மா பண்றே?" என்று மேடம் கேட்டார். வாணி துளசிமணியின் பெயரை ஒரே கோடாக அடித்தாள். அதன் கீழே, கோகிலவாணி என்று முழுப் பெயரையும் எழுதினாள். பேனாவை மூடாமல் அடுத்த குழாயை எடுத்தாள்.